சி. வி. இராமனும் இசைக்கருவிகளின் ஒலியியலும்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 – நவம்பர் 21, 1970) தமிழகத்தில் பிறந்து உலகப் புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1930 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அக்கண்டுபிடிப்பு இராமன் விளைவு எனப்படுகிறது. ஆனால் அவருடைய ஆய்வு வாழ்வின் முதல் பகுதியில் பெரும் இடம் பெற்றது ஒலியியலே ஆகும். வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகிய கருவிகள் எவ்வாறு ஒலிக்கின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். காதால் மட்டும் அறியப்பட்ட ஒலியை நிழற்படத் தட்டிலும், தோலின் மேல் தூவிய மணலிலும், பிற்காலத்தில் ஒளிக்கற்றையிலும் கண்ணுக்குப் புலப்படச் செய்தார். இக்கட்டுரை அவர் வாழ்க்கையை அந்த ஆய்வுகளின் வழியே விவரிக்கிறது.

பிறப்பும் கல்வியும்

இராமன் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகரன், தாய் பார்வதி அம்மாள். தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர். 1892 ஆம் ஆண்டு அவர் விசாகப்பட்டினத்தில் பணியேற்றதால் இராமனின் பள்ளிக் கல்வி அந்நகரில் அமைந்தது. தந்தை வயலின் வாசிக்கக் கூடியவர். ஆகவே பிற்காலத்தில் தாம் ஆராயவிருந்த கருவியின் ஒலியை இராமன் சிறுவயதிலேயே வீட்டில் கேட்டு வளர்ந்தார்.

இராமன் பதினொரு வயதில் மெட்ரிக்குலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904 இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். இயற்பியலுக்கான தங்கப் பதக்கமும் பெற்றார். 1907 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1906 இல், ஒளியின் விளிம்பு விளைவு குறித்த அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை இங்கிலாந்தின் பிலாசாபிக்கல் மேகசின் இதழில் வெளியானது.

செருமானிய அறிஞர் எர்மான் எல்ம்கோல்ட்சு இசையின் உணர்வு பற்றி எழுதிய நூலை இராமன் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தார். தம் சிந்தனையை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக அதைப் பிற்காலத்தில் குறிப்பிட்டார். இசையை அளவீடுகளாலும் சோதனைகளாலும் ஆராயலாம் என்னும் வழியை அந்நூல் அவருக்குக் காட்டியது. 1907 இல் அவர் மணந்த உலோகசுந்தரி வீணை பயின்றவர் ஆவார்.

அரசுப் பணியும் ஆய்வுக்கூடமும்

அக்காலத்தில் இந்தியாவில் அறிவியல் ஆய்வைத் தொழிலாகக் கொள்வதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இராமன் நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்று, 1907 இல் கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பணியில் சேர்ந்தார். அங்கு பௌபசார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் நிறுவனம் இருப்பதைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876 ஆம் ஆண்டு நிறுவிய அக்கழகத்தின் ஆய்வுக்கூடம் அப்போது பெரும்பாலும் பயன்படாமல் இருந்தது. அலுவலகம் செல்வதற்கு முன் காலையிலும், திரும்பிய பின் மாலையிலும் இரவிலும் இராமன் அங்கு ஆய்வு செய்தார். அசுதோசு தே என்பவர் அவருக்கு உதவியாளராக அமைந்தார். சில கட்டுரைகளில் அவர் பெயரும் இராமனின் பெயரோடு இடம்பெற்றது.

இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் பணிமாற்றம் ஏற்பட்டது. அவ்விடங்களில் வீட்டின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். 1911 இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ஒலியியல் ஆய்வை அவர் தேர்ந்ததற்கு இசையார்வத்தோடு மற்றொரு காரணமும் உண்டு. தந்தி, இசைக்கவை, விளக்கு, நிழற்படத் தட்டு ஆகியவை எளிதில் கிடைப்பவை. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே அவற்றைக் கொண்டு புதிய உண்மைகளைக் காண முடிந்தது. ஒற்றைத் தந்தியுடைய ஏக்தாரா என்னும் கருவி பற்றி 1909 இல் அவர் எழுதிய கட்டுரை இவ்வரிசையில் தொடக்ககாலப் படைப்புகளுள் ஒன்று.

ஒலியைக் காணும் முயற்சிகள்: பின்னணி

ஒலி என்பது அதிர்வு. பெரும்பாலான இசைக்கருவிகளின் அதிர்வு மிகச் சிறியது, மிக விரைவானது. எனவே கண் அதைப் பின்தொடர இயலாது. இக்குறையைப் போக்க ஐரோப்பிய அறிவியலாளர்கள் பல வழிகளை முயன்றனர். செருமானியரான எர்னசுட்டு கிளாட்னி 1787 இல் வெளியிட்ட நூலில், தகட்டின் மேல் மணலைத் தூவி அதன் விளிம்பை வில்லால் தேய்க்கும் முறையை விளக்கினார். அதிரும் இடங்களிலிருந்து மணல் துள்ளி விலகி, அதிராத இடங்களில் கோடுகளாகத் தங்கும். அதிராத அக்கோடுகள் கணுக்கோடுகள் எனப்படும். மணல் வரையும் உருவங்கள் கிளாட்னி உருவங்கள் எனப் பெயர் பெற்றன.

எல்ம்கோல்ட்சு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிர்வு நுண்ணோக்கி என்னும் கருவியைக் கொண்டு வயலின் தந்தியின் ஒரு புள்ளி அசையும் விதத்தைக் கண்டார். இராமன் இவ்விரு வழிகளையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அவை அதுவரை தொடாத கருவிகளுக்கும் விரிவாக்கினார்.

அதிரும் தந்தியின் நிழற்படம்

வில்லால் இழுக்கப்படும் தந்தி வில்லின் மயிரோடு ஒட்டிக்கொண்டு சிறிது தூரம் செல்கிறது. பின்னர் சட்டென நழுவித் திரும்புகிறது. மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நொடியில் பல நூறு முறை இது நிகழ்கிறது. இதைப் பதிவு செய்ய, இராமன் ஒளியூட்டப்பட்ட ஒரு குறுகிய பிளவைத் தந்திக்குக் குறுக்காக வைத்தார். பிளவின் பிம்பம் நகரும் நிழற்படத் தட்டின் மேல் விழும்படி அமைத்தார். தந்தியின் நிழல் அத்தட்டில் ஒரு வளைகோடாகப் பதிந்தது. காதுக்கு ஒரே சுரமாகக் கேட்பது தட்டில் நேர்கோடுகளாலான ஏற்ற இறக்கமாகத் தெரிந்தது.

இப்பதிவுகளை விளக்க இராமன் ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். தந்தியின் திசைவேகம் திடீரென மாறும் இடங்கள் தந்தியில் இங்குமங்கும் ஓடுகின்றன. அத்தகைய இடங்கள் ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதைப் பொறுத்து தந்தியின் அதிர்வு வகைகளைப் பிரிக்கலாம் என அவர் காட்டினார். எல்ம்கோல்ட்சு கண்ட அதிர்வு இவ்வகைகளுள் முதலாவதாக அமைந்தது. வயலின் குடும்பக் கருவிகள் பற்றிய இந்த ஆய்வு 1918 இல் கழகத்தின் வெளியீடாக நூல் அளவில் வந்தது. கணக்கிட்டு வரைந்த வளைகோடுகளும் நிழற்படத்தில் கிடைத்தவையும் அதில் ஒப்பிடப்பட்டுள்ளன.

ஓநாய்ச் சுரம்

செல்லோ போன்ற கருவிகளில் குறிப்பிட்ட ஒரு சுரத்தை வாசிக்கும்போது ஒலி சீராக நில்லாமல் நடுங்கும், உறுமும். மேலைநாட்டுக் கலைஞர்கள் இதனை ஓநாய்ச் சுரம் என்பர். இராமன் 1916 முதல் இச்சிக்கலை ஆராய்ந்தார். தந்தியின் அசைவையும் கருவியின் உடலின் அசைவையும் ஒரே நேரத்தில் நிழற்படமாக்கினார். அச்சுரத்தில் கருவியின் உடல் மிகுதியாக அதிர்ந்து தந்தியின் ஆற்றலை ஈர்த்துக்கொள்கிறது. அதனால் அடிப்படைச் சுரத்துக்குரிய அதிர்வை வில்லால் தொடர்ந்து காக்க முடியாமல் போகிறது. அடிப்படைச் சுரம் தளரும்போது அதன் மேல் எட்டாவது சுரம் ஓங்குகிறது. பின்னர் நிலைமை திரும்புகிறது. இம்மாற்றமே நடுக்கமாகக் கேட்கிறது என அவர் விளக்கினார்.

இயந்திரம் வாசித்த வயலின்

மனிதக் கை வில்லை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் இழுப்பதில்லை. ஆகவே அளவீட்டுக்கு ஏற்ற வயலின் வாசிப்புப் பொறி ஒன்றை இராமன் தம் ஆய்வுக்கூடத்தில் அமைத்து, அதன் முடிவுகளை 1920 இல் வெளியிட்டார். அப்பொறியில் வில் ஓரிடத்தில் நின்றது. மின்னோடியால் இயங்கிய தாங்கியில் வயலின் முன்னும் பின்னும் சீராக நகர்ந்தது. வில்லின் அழுத்தம் எடைகளைக் கொண்டு மாற்றப்பட்டது. ஒரு சுரம் நிலையாக ஒலிக்கத் தேவையான குறைந்த அழுத்தம் என்ன, வில்லின் வேகம் கூடினால் அது எவ்வாறு மாறும், குதிரையிலிருந்து வில் விலகினால் என்னாகும் என்பவை எண்களாகக் கிடைத்தன. வயலின் உடல் மிகுதியாக அதிரும் சுரங்களில் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதும் தெரியவந்தது.

தம்புராவும் வீணையும்

தந்தி ஒன்றை அதன் நீளத்தின் ஒரு புள்ளியில் மீட்டினால், அப்புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கா என்பது ஐரோப்பிய ஒலியியலில் நன்கு அறியப்பட்ட விதி. இது யங், எல்ம்கோல்ட்சு ஆகியோர் பெயரால் வழங்குகிறது. இராமன் தம்புராவிலும் வீணையிலும் இதனைச் சோதித்தார். கணுப் புள்ளியிலேயே மீட்டிய போதும், ஒலிக்கக்கூடாத அம்மேற்சுரங்கள் வலுவாக ஒலித்தன.

காரணம் குதிரையின் அமைப்பில் இருந்தது. வயலினில் தந்தி குதிரையின் கூரிய விளிம்பில் அமர்கிறது. தம்புராவிலும் வீணையிலும் குதிரையின் மேற்பரப்பு அகலமாகவும் மெல்ல வளைந்தும் உள்ளது. அதிரும் தந்தி அப்பரப்பில் படிந்தும் எழுந்தும் செல்கிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் மெல்லிய நூல் இந்தத் தொடர்பை நுட்பமாகச் சரிசெய்ய உதவுகிறது. இதனால் மேற்சுரங்கள் செறிந்து, தம்புராவுக்கே உரிய ரீங்காரம் எழுகிறது. பாடகர்கள் நூலை நகர்த்திச் சுருதியின் உயிர்ப்பைத் தேடும் வழக்கத்துக்கு இவ்வாறு இயற்பியல் விளக்கம் கிடைத்தது.

மிருதங்கத்தின் மேல் மணல்

இராமனின் ஒலியியல் ஆய்வுகளில் இந்திய இசையுலகில் மிகவும் அறியப்பட்டது மிருதங்கம், தபலா ஆகியவை பற்றியதாகும். இதன் முதல் அறிவிப்பு, சிவகாளி குமாருடன் இணைந்து எழுதியது, 1920 இல் நேச்சர் இதழில் வெளியானது. விரிவான கட்டுரை 1934 இல் எழுதப்பட்டு, இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்தது.

தந்தியின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4, 5 மடங்கு என முழு எண் மடங்குகளாக அமையும். அவை ஒன்றோடொன்று இசைவதால் ஒலி இனிமையாகவும் சுருதி தெளிவாகவும் இருக்கும். இழுத்துக் கட்டிய சாதாரண வட்டத் தோலில் இவ்வொழுங்கு இல்லை. அதன் அதிர்வெண்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 மடங்குகள் என அமைகின்றன. இதனால்தான் பல முரசுகளில் ஓசை இருந்தும் தெளிவான சுருதி இருப்பதில்லை. மிருதங்கமோ சுருதி சேர்க்கப்படும் கருவி.

வேறுபாடு வலந்தலையின் நடுவே உள்ள கரணையால் ஏற்படுகிறது. கரிய நிறக் கல் ஒன்றின் பொடியையும் சோற்றையும் சேர்த்து அரைத்த பசையைப் படலம் படலமாகப் பூசி, ஒவ்வொரு படலத்தையும் தேய்த்து உருவாக்குவது கரணை ஆகும். இது தோலின் நடுப்பகுதிக்கு எடை கூட்டுகிறது. அந்த எடை தோலின் ஒவ்வொரு அதிர்வு வகையையும் வெவ்வேறு அளவில் தாழ்த்துகிறது.

இராமன் தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, விரல்களால் தோலின் சில இடங்களை மெல்லத் தொட்டபடி தட்டச் செய்தார். மணல் கணுக்கோடுகளில் ஒதுங்கி, ஒவ்வொரு தட்டுக்கும் உரிய உருவத்தை வரைந்தது. அவற்றிலிருந்து ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சுரங்களாகத் திரள்வதை அவர் கண்டார்:

- முதற்சுரம்: விளிம்பைத் தவிர கணுக்கோடு இல்லை. தோல் முழுதும் ஒன்றாக ஏறி இறங்குகிறது.
- இரண்டாம் சுரம் (2 மடங்கு): தோலை இருபாதியாக்கும் ஒரு விட்டம்.
- மூன்றாம் சுரம் (3 மடங்கு): இரண்டு விட்டங்கள், அல்லது உள்ளே ஒரு வட்டம். ஆக 2 வகைகள்.
- நான்காம் சுரம் (4 மடங்கு): மூன்று விட்டங்கள், அல்லது ஒரு விட்டமும் ஒரு வட்டமும். ஆக 2 வகைகள்.
- ஐந்தாம் சுரம் (5 மடங்கு): நான்கு விட்டங்கள், அல்லது இரண்டு விட்டங்களும் ஒரு வட்டமும், அல்லது இரண்டு வட்டங்கள். ஆக 3 வகைகள்.

ஒரே சுரத்துக்குரிய வகைகள் தம்முள் கலக்கவும் கூடும். அவ்வாறு கலக்கும்போது மணல் ஏறத்தாழ இணையான கோடுகளாக நிற்கிறது. ஐந்துக்கு மேற்பட்ட மேற்சுரங்களை விளிம்பைச் சுற்றியுள்ள தோல் வளையம் அடக்கிவிடுகிறது. இவ்வாறு, இயல்பாக இசைவற்ற தோலைத் தந்தியைப் போல இசைவுடன் ஒலிக்கச் செய்யும் வழியை இந்தியக் கருவியாளர்கள் கண்டறிந்திருந்தனர் என்பதை மணல் உருவங்கள் மெய்ப்பித்தன. கலைஞர் விரலை வைக்கும் இடமும் தட்டும் இடமும் எந்தச் சுரத்தை எழுப்பும், எதனை அடக்கும் என்பதும் விளங்கியது.

பேராசிரியர் பணியும் ஐரோப்பியப் பயணமும்

1917 இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்க இராமன் அரசுப் பணியிலிருந்து விலகினார். புதிய பதவியின் ஊதியம் குறைவு. வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற விதியை ஏற்க அவர் மறுத்ததால், அவருக்காக அது தளர்த்தப்பட்டது.

1921 இல் முதன்முறையாக ஐரோப்பா சென்றார். இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தில், சுவரோரம் மெல்லப் பேசுவது எதிர்ப்புறத்தில் தெளிவாகக் கேட்கும். அங்கு சதர்லாந்துடன் சோதனைகள் செய்தார். சுவரிலிருந்து உள்நோக்கி வரும்போது ஒலி படிப்படியாகக் குறையாமல், கூடியும் குறைந்தும் மாறி வருவதை அவர்கள் கண்டனர். இந்தியா திரும்பும் கப்பலில் கடலின் நீல நிறம் அவர் கவனத்தை ஈர்த்தது. அதன்பின் ஒளிச்சிதறலே அவருடைய முதன்மை ஆய்வாயிற்று.

1924 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1927 இல் வெளியான செருமானிய இயற்பியல் கையேட்டின் எட்டாம் தொகுதியில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதினார். ஒலியியலில் உலகின் முன்னணி அறிஞராக அவர் மதிக்கப்பட்டதற்கு இது சான்று. 1928 பெப்ரவரி 28 அன்று, கே. எஸ். கிருஷ்ணனுடன் நடத்திய ஆய்வின் தொடர்ச்சியாக, இராமன் விளைவைக் கண்டறிந்தார். 1929 இல் சர் பட்டமும் 1930 இல் நோபல் பரிசும் பெற்றார்.

மீயொலியும் ஒளியும்

1933 இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1934 இல் இந்திய அறிவியல் கழகத்தைத் தோற்றுவித்தார். இக்காலத்தில் அவர் மீண்டும் ஒலியிடம் வந்தார். இம்முறை அது மனிதக் காதுக்கு எட்டாத மீயொலி ஆகும்.

குவார்ட்சு படிகம் ஒன்றை மின்சாரத்தால் நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரச் செய்து, நீர்மம் நிரம்பிய கண்ணாடிக் கலத்தில் மீயொலியைச் செலுத்தலாம். அதனூடே ஒளிக்கற்றையைக் குறுக்காக அனுப்பினால், திரையில் நடுக்கோட்டின் இருபுறமும் பல கோடுகள் தோன்றும். அமெரிக்காவில் டெபையும் சியர்சும், பிரான்சில் லூக்காவும் பிக்குவாரும் 1932 இல் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். ஆனால் அத்தனை கோடுகள் ஏன் தோன்றுகின்றன, ஒலியின் வலிமை மாறும்போது அவற்றின் பொலிவு ஏன் மாறி மாறிக் கூடிக் குறைகிறது என்பதற்கு நிறைவான விளக்கம் இல்லாதிருந்தது.

இராமனும் இளம் கணிதவியலாளரான என். எசு. நாகேந்திர நாத்தும் 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஐந்து கட்டுரைகளில் இதனை விளக்கினர். ஒலி நீர்மத்தில் அடர்ந்த அடுக்குகளையும் அடர்வு குறைந்த அடுக்குகளையும் மாறி மாறி உண்டாக்குகிறது. அடர்ந்த அடுக்கில் ஒளி சற்றே பின்தங்கும். எனவே தட்டையாக நுழையும் ஒளியலை, ஒலியலையின் மடிப்புகளைத் தன்மேல் சுமந்து நெளிவுடன் வெளிவருகிறது. அந்நெளிவே பல கோடுகளாகப் பிரிகிறது. கோடுகளுக்கு இடையேயான கோணத்தை அளந்தால் ஒலியின் அலைநீளமும், அதிலிருந்து நீர்மத்தில் ஒலியின் வேகமும் கிடைக்கும். இராமன்–நாத் கோட்பாடு எனப்படும் இது, ஒலியால் ஒளியைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் பயன்படுகிறது.

பிற்காலம்

நிர்வாகத்தில் எழுந்த கருத்து வேறுபாடுகளால் 1937 இல் இயக்குநர் பதவியை விட்டார். 1948 வரை அங்கேயே இயற்பியல் பேராசிரியராக இருந்தார். பின்னர் பெங்களூரில் தாம் நிறுவிய இராமன் ஆய்வு நிறுவனத்தில் இறுதிவரை பணியாற்றினார். 1954 இல் பாரத ரத்னா விருதும் 1957 இல் லெனின் அமைதிப் பரிசும் பெற்றார். படிகங்கள், வைரம், நிறங்கள், கண்ணின் பார்வை ஆகியவை அவருடைய பிற்கால ஆய்வுப் பொருள்கள். 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் காலமானார். அவர் விருப்பப்படி நிறுவனத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டார். இராமன் விளைவு கண்டறியப்பட்ட பெப்ரவரி 28 ஆம் நாள் 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தாக்கமும் மதிப்பீடும்

வில் பட்ட தந்தி பற்றிய இராமனின் ஆய்வு, பின்வந்த வயலின் ஆய்வாளர்களுக்குத் தொடக்கப் புள்ளியாயிற்று. மிருதங்கம் பற்றி அவர் சோதனையால் கண்டதைக் கணிதத்தால் விளக்கும் பணியை இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பி. எசு. இராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும் மேற்கொண்டனர். நடுவில் அடர்த்தி மிகுந்த கூட்டுத் தோலாகக் கருதி அவர்கள் செய்த கணக்கீடு 1954 இல் வெளியானது.

இம்முறைகளுக்கு எல்லைகளும் உண்டு. மணல் எந்த இடம் அசையவில்லை என்பதைக் காட்டும். எவ்வளவு அசைகிறது என்பதைக் காட்டாது. ஒரு தட்டை அது பதிவு செய்யும்; தட்டுகள் தொடர்ந்து செல்லும் நடையைப் பதிவு செய்யாது. தந்தியின் நிழற்படம் நிலைத்து நிற்கும் சுரத்துக்கே பொருந்தும்; கர்நாடக இசையின் உயிரான கமகம் அதற்குள் அடங்காது. காலத்தோடு மாறும் அதிர்வெண்களை வரைந்து காட்டும் மின்னணு முறைகள் பின்னரே வந்தன.

கருவி செய்வோரின் அறிவு குறித்த மதிப்பீட்டிலும் இவ்வாய்வு முக்கியமானது. மிருதங்கத்துக்குத் தோலைத் தேர்ந்து, கரணையைச் சிறுகச் சிறுக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் காதால் கேட்டுச் சரிசெய்யும் திறன் தோல் தொழில் செய்யும் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. சமூகத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட அவர்களுடைய உழைப்பு இசை மேடையில் நெடுங்காலம் பேசப்படவில்லை. ஐரோப்பிய முரசுகளில் தீராத ஒரு சிக்கலுக்கு அவர்களுடைய கைகள் கண்ட தீர்வு எவ்வளவு துல்லியமானது என்பதை, எவரும் கண்ணால் காணத்தக்க வகையில் இராமனின் மணல் கோடுகள் காட்டின.